கரி மையும் கைலாசநாதர் சுவரும்

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலைக் கறுப்பு வெள்ளையில் அச்சிடும்போது சாம்பல் நிறம்தான் பாடாய்ப் படுத்தும். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய மணற்கல் கோயில் அது. பின்கால் ஊன்றி எழும் சிங்கத் தூண்களில் காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது, வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் நடுவே எத்தனையோ படிகள். சாதாரண கலர் பிரிண்டர் அந்தச் சாம்பலைப் பல வண்ணங்களைக் கலந்து உண்டாக்குகிறது. ஜன்னலோரம் சரியாகத் தெரிந்த படம் டியூப்லைட்டின் கீழ் பச்சை பூசிக்கொள்ளும்.

கரி மை இந்தக் கோளாறை வேரோடு தீர்க்கிறது. ஒரே கரியைப் பல அளவுகளில் நீர்க்கச் செய்து, கார்ட்ரிட்ஜுக்கு ஒன்றாக நிரப்புவார்கள். அமெரிக்கரான ஜான் கோனின் பீசோகிராஃபி இதில் பெயர் பெற்றது. ஏழு கறுப்புகள் வரை போகிறது. இதற்காக எல்லோரும் எப்சன் பிரிண்டரைத் தேடுவதற்குக் காரணம் உண்டு. அதன் ஹெட் மையைக் கொதிக்க வைக்காமல் அதிர்வால் துளியைத் தள்ளுகிறது. ஒவ்வொரு மையையும் தனித்தனியே ஆள ராய் ஹாரிங்டனின் குவாட்டோன்ரிப் மென்பொருளும் இருக்கிறது.

நிலைத்து நிற்பதில் கரிக்கு நிகர் எனக்குத் தெரிந்து வேறில்லை. எழுத்தாணி கீறிய ஓலையில் நம்மவர்கள் தேய்த்ததும் விளக்குக் கரிதான். ஆனால் நீர்த்த கரி பழுப்படிக்கும். அதைத் தணிக்க வண்ணம் கலந்த மைகளும் கிடைக்கின்றன. அந்த வண்ணம் வெளிறினால் கரியை நாடி வந்ததற்கே பொருளில்லை. மணற்கல்லுக்குப் பழுப்பு அழகாகவே பொருந்துகிறது. பட்டுச் சேலைப் படத்துக்குப் பொருந்தாது. முந்தியின் ஜரிகை மினுங்க வேண்டுமென்றால் பளபளப்புத் தாள் வேண்டும்; மேட் தாளுக்கான கரி மை அதில் ஒட்டாமல், விரல் பட்டாலே ஈஷிக்கொள்ளும். மேலே நிறமற்ற பூச்சு ஒன்றைத் தனியாக ஓட்ட வேண்டியிருக்கும்.

பெரிய குறை அடைப்பு. கரி அடியில் படியும், ஹெட்டில் காயும். ஒரு சித்திரையில் மூன்று வாரம் வெளியூர் போய்த் திரும்பினேன்; நாசில் செக் தாளில் பாதிக் கோடுகளைக் காணோம். தவறு என்னுடையதுதான், ஓட்டாமல் போட்டுவிட்டுப் போனேன். தறியைப் போல இதையும் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே மாதம் நான்கு படம் அச்சிடுபவருக்குக் கரி மையை நான் சொல்ல மாட்டேன். எப்சன் பி700 போன்ற ஒன்றை வாங்கி, கம்பெனி மையோடு அதன் கறுப்பு வெள்ளை முறையில் ஓட்டட்டும். பெரும்பகுதிச் சாம்பலைக் கறுப்பு மைகளே தருகின்றன. மேட் கறுப்புக்கும் பளபளப்புக் கறுப்புக்கும் தனித்தனி வழி இருப்பதால் ஜரிகைக்கும் கல்லுக்கும் ஒரே பிரிண்டர் போதும். வாரம் தவறாமல் கோயில் படம் அச்சிடுபவர் மட்டும் பழைய எப்சன் ஒன்றைக் கரிக்கென்றே ஒதுக்கலாம். தாள், செயற்கை வெண்மையூட்டி சேராத பருத்தித் தாளாக இருக்கட்டும். வெண்மையூட்டி மங்கினால் கரி நின்றும் படம் மஞ்சளடித்துவிடும்.