எழுதுகிறவனின் சந்தோஷம்

நாவல் எழுதுவதைப் பற்றி நம்மிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. நாவலாசிரியன் கஷ்டப்பட வேண்டும். தூக்கம் கெட வேண்டும். எழுதி எழுதிக் கிழித்துப் போட வேண்டும். அப்போதுதான் நல்ல நாவல் பிறக்கும் என்பது அந்த நம்பிக்கை. எழுத்தாளர்களும் மேடை ஏறினால் தவம் என்றும் வேள்வி என்றும் பிரசவ வேதனை என்றும் பேசுகிறார்கள். வாசகர்கள் ரசித்துக் கேட்கிறார்கள். தாம் இரண்டு நாளில் படித்து முடித்த புத்தகத்துக்காக ஒருவர் இரண்டு வருஷம் வேதனைப்பட்டார் என்று தெரிந்தால் யாருக்குத்தான் திருப்தியாக இராது?

எனக்கு இந்த நம்பிக்கையில் உடன்பாடு இல்லை. அதற்குத் தத்துவக் காரணம் ஒன்றும் கிடையாது, நடைமுறைக் காரணம்தான். நான் இருக்கும் வேலூர்ப் பக்கத்தில், ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரையில், நூறு பக்கத்தோடு நின்றுபோன நாவல்கள் பல வீடுகளில் பீரோவுக்குள் கிடக்கின்றன. சிலவற்றை என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். எழுதியவர்களுக்குத் திறமை இல்லாமல் அவை நிற்கவில்லை. சொல்வதற்கு விஷயம் இல்லாமலும் நிற்கவில்லை. எழுதுவது துன்பமாகிவிட்டது, அதனால் நின்றன. பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் ஒரு மணி நேரம் எழுத உட்காருகிறவன், அந்த ஒரு மணியும் துன்பம் என்றால் எத்தனை நாள் உட்காருவான்?

இது எழுதுகிறவர்கள் பாடு, படிக்கிற எங்களுக்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம். நஷ்டம் உங்களுக்குத்தான் என்பது என் வாதம்.

இந்தத் தோல் பிரதேசத்தின் வாழ்க்கை சாதாரணமானதல்ல. மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று ஊருக்கு ஊர் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்டு வந்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் தோலைச் சுண்ணாம்புக் குழியில் போட்டு மயிர் நீக்கி, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய குழிகளில் வாரக்கணக்கில் புரட்டிப் புரட்டிப் போட்டார்கள். பிறகு குரோம் உப்பு வந்தது. பெரிய டிரம்கள் சுழன்றன. வாரங்களில் நடந்த வேலை நாட்களில் முடிந்தது. 1970-களில், அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்த பின்பு, தோலாக அனுப்பியவர்கள் ஷூவாகத் தைத்து அனுப்பத் தொடங்கினார்கள். பெண்கள் கூட்டங்கூட்டமாகத் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். முஸ்லிம் வியாபாரக் குடும்பங்கள், குழியில் இறங்கி வேலை செய்த தலித் குடும்பங்கள், ஒரே தெருவில் தமிழும் உருதும், பக்கத்திலேயே கெட்டுப்போன பாலாறு. ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நாவல்களே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பேரணாம்பட்டைச் சேர்ந்த அழகிய பெரியவன் ‘தகப்பன் கொடி’யும் ‘வல்லிசை’யும் எழுதியிருக்கிறார். ஆனால் இவ்வளவு பெரிய வாழ்க்கைக்கு வந்த புத்தகங்கள் மிகக் கொஞ்சம். மீதி எல்லாம் பீரோக்களில் இருக்கின்றன.

வேதனைக் கட்சிக்காரர்கள் உடனே பிளாபேரைச் சாட்சிக்கு அழைப்பார்கள். ‘மேடம் பொவாரி’யை எழுத அவருக்கு 1851 முதல் 1856 வரை பிடித்தது. ஒரு பக்கத்துக்காக நாள் கணக்கில் அவஸ்தைப்பட்டதாகக் கடிதம் கடிதமாக எழுதி வைத்திருக்கிறார். நாவலும் மகத்தான நாவல்தான். ஆனால் பிளாபேருக்கு ஆற்றங்கரையில் சொந்த வீடு இருந்தது; குடும்பச் சொத்து இருந்தது; காலையில் எழுந்து வேலைக்கு ஓட வேண்டிய அவசியம் இல்லை. அவஸ்தைப்படவும் வசதி வேண்டும்!

அதே காலத்தில் இங்கிலாந்தில் அந்தோணி டிராலப் என்று ஒருவர் இருந்தார். தபால் இலாகா உத்தியோகஸ்தர். விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுத உட்கார்ந்துவிடும்படி, நேரத்தோடு எழுப்பிக் காப்பி கொடுக்க வேலைக்காரருக்குத் தனியாகச் சம்பளம் கொடுத்தார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 வார்த்தை என்ற கணக்கில் எழுதினார். பிறகு உத்தியோகத்துக்குப் போனார். இப்படியாக நாற்பத்தேழு நாவல்கள். இந்தக் கணக்கையெல்லாம் அவர் தம் சுயசரிதையில் எழுதி வைத்தார். அவர் இறந்த பிறகு 1883-இல் அது வெளிவந்தபோது, இது கலைஞனின் காரியமா, குமாஸ்தாவின் காரியமா என்று விமரிசகர்கள் முகம் சுளித்தார்கள். கடிகாரத்தைப் பார்த்தவர்கள் இன்னொரு விஷயத்தைப் பார்க்கவில்லை. பள்ளியில் தோழர்கள் இல்லாத பையனாக இருந்தபோதே ஒரே கதையை மனத்துக்குள் வாரக்கணக்கில் நடத்திக்கொண்டு திரிந்ததாக டிராலப் அதே புத்தகத்தில் சொல்லியிருக்கிறார். வளர்ந்த பிறகும் தம் பாத்திரங்களோடு கூடவே வாழ்ந்தார். அவர்களைப் பார்க்கும் ஆசையில்லாமல் ஒருவன் வருஷக்கணக்காக ஐந்தரை மணிக்கு எழுத உட்கார முடியுமா?

ஆம்பூரில் வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுகிறவனுக்கு வழிகாட்டி பிளாபேர் அல்ல, டிராலப்தான் என்பது என் அபிப்பிராயம்.

அப்படியானால் அந்த ஆசை எங்கிருந்து வருகிறது? நம் ஊர்க்காரர் ஒருவரின் நாவலைக் கொண்டே சொல்கிறேன். மு. வரதராசனார் திருப்பத்தூரில் தமிழாசிரியராக இருந்தவர். அவருடைய ‘அகல் விளக்கு’ 1961-இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. ராணிப்பேட்டைக்கு அடுத்த வாலாசாவில் கதை தொடங்குகிறது. வேலய்யன் தன் சிநேகிதன் சந்திரனைப் பற்றிச் சொல்கிறான். இளமைப் பருவத்துச் சிநேகத்தைச் சொல்லும் பகுதிகளைப் படியுங்கள். அழகும் அறிவும் மிக்க ஒரு சிநேகிதன்மேல் ஒரு சாதாரணப் பையனுக்கு இருக்கும் பிரியமும் ஏக்கமும் அங்கே நம்மைப் பிடித்துக்கொள்கின்றன. பின்னால் பாத்திரங்கள் வாழ்க்கை நெறியைப் பற்றி மாறி மாறிப் பேசும் பகுதிகளுக்கு வாருங்கள். கருத்துகள் நல்லவை, மறுப்பதற்கில்லை. ஆனால் நம் கை பக்கத்தை வேகமாகப் புரட்டுகிறது. முதல் பகுதியில் ஆசிரியர் அந்தப் பையன்களைக் கண்டுபிடித்துக்கொண்டே எழுதுகிறார். இரண்டாவதில் தமக்கு முன்பே தெரிந்ததை எடுத்துச் சொல்கிறார். முன்னதில் அவருக்குச் சந்தோஷம் இருந்திருக்கும், பின்னதில் கடமை இருந்திருக்கும் என்பது என் ஊகம். எழுதுகிறவனுக்கு இருந்த சந்தோஷம் வாசகனுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

நூறாவது பக்கத்தில் நின்ற கையெழுத்துப் பிரதிகளிலும் இதையேதான் கண்டேன். ஒரு காலணித் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் இளைஞருடைய பிரதியை உதாரணமாகச் சொல்லலாம். முதல் அத்தியாயத்திலேயே எல்லாம் தீர்மானமாகிவிட்டது. முதலாளி கெட்டவர், தொழிலாளி நல்லவர், ஆறு செத்துவிட்டது. இரண்டாவது அத்தியாயத்தில் 1996-இல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பு வருகிறது. தோல் பிரதேசத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழானதாக அதில் சொல்லியிருக்கும் கணக்கும் வருகிறது. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கு யாருக்கும் கிடைக்கும். எழுதியவர் புதிதாகக் கண்டுபிடிக்க எதுவும் மிச்சமில்லை. இனி முந்நூறு பக்கம் மூட்டை சுமக்க வேண்டியதுதான். சுமந்து பார்த்தார்; இறக்கி வைத்துவிட்டார்.

நடுவில் எங்கோ ஒரு பக்கம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. அவருடைய தாத்தா பட்டைக் குழியிலிருந்து ஒரு தோலை எடுத்து, ஓரத்தில் சிறிது வெட்டி, சாறு நடுவரை இறங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கிறார். இறங்கவில்லை. மறுபடி குழியில் போடுகிறார். முதலாளி அவசரப்படுத்துகிறார், தாத்தா பதில் சொல்லவில்லை. அவ்வளவுதான். ஆனால் அந்த முதலாளியும் தாத்தாவுக்குக் கொஞ்சம் பயப்படுகிறார் என்பது அந்தப் பக்கத்தில் தெரிந்தது. எழுதியவருக்கே அது அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

“தம்பி, முதல் அத்தியாயத்தை விட்டுவிடுங்கள். இந்தப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். சந்தோஷமாக எழுதலாம்” என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. “எங்க தாத்தா சுண்ணாம்புக் குழியில நின்னு நின்னு கால் வெந்துபோனவரு சார். அதைப் போய் சந்தோஷமா எழுதுன்னு சொல்றீங்களே, இது நியாயமா?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே நடந்தவை கொண்டாடக்கூடியவை அல்ல. 2015 ஜனவரி கடைசியில் ஓர் இரவு, ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுக் குழம்பு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்த இரவை ஒருவன் எழுத உட்கார்ந்தால் அதில் என்ன சந்தோஷம்?

அந்த இளைஞரிடம் திருப்பிக் கேட்டேன்: “அந்தப் பக்கத்தை எழுதும்போது தாத்தா உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்ததா, இல்லையா?”

சற்று யோசித்துவிட்டு, “இருந்தது சார்” என்றார்.

நான் சந்தோஷம் என்று சொல்வது அதைத்தான். துயரத்தை ரசிப்பது வேறு. துயரப்பட்ட மனிதனைச் சரியாகப் பார்த்துவிட்டோம், அவனுக்கு நியாயம் செய்யும் ஒரு வாக்கியம் கிடைத்துவிட்டது என்ற நிறைவு வேறு. அந்த நிறைவு இல்லாமல் துயரத்தைப் பற்றி நானூறு பக்கம் எழுத முடியாது. எழுதினாலும் அது மனு ஆகும், நாவல் ஆகாது.

டி. செல்வராஜ் இதற்குச் சாட்சி. நம் பக்கத்தவர் அல்ல. திண்டுக்கல்லில் வக்கீலாக இருந்தவர். அங்குள்ள தோல் தொழிலாளர்களைப் பற்றி அவர் எழுதிய ‘தோல்’ 2010-இல் வெளிவந்தது. 2012-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. எழுபது வயதைக் கடந்த பிறகு வந்த பெரிய நாவல் அது. கொள்கைப் பிடிப்பு உள்ளவர்தான். ஆனால் கொள்கைக்காக மட்டும் என்றால் அந்த வயதில் ஒரு துண்டுப் பிரசுரம் போதும். அத்தனை மனிதர்களை அத்தனை பக்கங்களுக்கு ஒருவர் நடத்திக்கொண்டு போகிறார் என்றால், அவர்களோடு இருப்பதில் அவருக்கு அலுப்புத் தட்டவில்லை என்றே அர்த்தம்.

எழுத விரும்புகிறவர்களுக்குச் சில யோசனைகள் சொல்லலாம். முதல் அத்தியாயத்தை முதலில் எழுத வேண்டும் என்று சட்டம் இல்லை. எந்தக் காட்சி உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறதோ அதை முதலில் எழுதுங்கள். தினமும் எழுத உட்காருமுன் ஒரு கேள்வி கையில் இருக்கட்டும். பட்டை எந்த ஊரிலிருந்து வந்தது? கூலி எந்தக் கிழமை கொடுத்தார்கள்? குழியில் இறங்கியவன் வீட்டுக்குப் போய் முதலில் என்ன செய்தான்? பெரியவர்களைக் கேளுங்கள், கிடைக்கும் பதில் அன்றைய எழுத்தை இழுத்துக்கொண்டு போகும். ஊரின் படம் ஒன்று வரைந்துகொள்வதும் நல்லது. ஸ்டீவன்ஸன் 1881-இல் ஒரு சிறுவனுக்கு வேடிக்கை காட்ட ஒரு தீவின் படம் வரைந்தார். அந்தப் படத்திலிருந்துதான் ‘புதையல் தீவு’ பிறந்தது. நம் ஊரில் குழி எங்கே, கிணறு எங்கே, மசூதி எங்கே, சேரி எங்கே என்று கோடு போட்டுப் பாருங்கள். யார் எந்தப் பக்கமாக நடக்கலாம், நடக்கக்கூடாது என்பது தானே தெரியும். கதையும் அங்கேதான் இருக்கும்.

ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளவு வைத்துக்கொண்டு, இன்னும் எழுதலாம் என்று தோன்றும்போதே நிறுத்திவிடுங்கள். நாளைக்கு ஓர் ஆவல் மிச்சம் இருக்கும். கடைசியாக, கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டும். கல்கி 1950-லிருந்து ‘பொன்னியின் செல்வ’னை வாரா வாரம் எழுதியபோது, அடுத்த இதழுக்காகத் தமிழ்நாடே காத்திருந்தது. பத்திரிகைத் தொடர்கதையின் அந்த ஆதரவு இன்று ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டது. மனைவியோ, அண்ணனோ, கூட வேலை செய்கிறவரோ, “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்க ஒருவர் இருந்தால் போதும்.

சந்தோஷமாக எழுதினால் எழுத்து மேம்போக்காகிவிடாதா என்று விமரிசகர்கள் கேட்பார்கள். சந்தோஷம் என்பது சுலபம் அல்ல. தாத்தா தோலை மறுபடி குழியில் போட்டது சுலபமான காரியமா? இறங்கவில்லை என்று தெரிந்தும் எடுத்து அனுப்புவதுதான் சுலபம். வேலையில் சந்தோஷம் உள்ளவன்தான் இன்னும் ஆகவில்லை என்று சொல்லத் துணிவான். அலுத்தவன் எப்படியாவது முடித்துத் தள்ளிவிடுவான்.

பட்டைக் குழியில் கை வைத்து வேலை செய்தவர்கள் இப்போது கிழவர்களாகிவிட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி எங்கும் எழுதப்படவில்லை. அதை எழுதக்கூடியவர்கள் இன்று ஷிப்டு முடிந்து பஸ்ஸில் வீடு திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருவர் இருந்தால், நாவல் எந்த அளவில் இருக்கிறது என்று தயவுசெய்து கேளுங்கள். தவம் செய்யும்படி மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள்.