கறுப்பன் குதிரையும் காமிராவின் கண்ணும்

"மர்மதேசம்" என்னும் பொதுத்தலைப்பின் கீழ் 1990களின் பிற்பகுதியில் சென்னையிலிருந்து ஒளிபரப்பான தொலைக்காட்சி நாடகங்களுள் "விடாது கருப்பு" என்பதொன்று. கதை இந்திரா சௌந்தர்ராஜனுடையது, இயக்கம் நாகாவினுடையது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நம்மவர் கூடிப் பேசுமிடங்களில் இந்நாடகத்தைப் புகழாதார் அரியர். "கடைசியில் சாமியுமில்லை, பூதமுமில்லை, எல்லாம் மனநோய் என்று விஞ்ஞானத்தால் விளக்கிவிட்டார்களே, இதைவிடப் பகுத்தறிவுக்கு உகந்த நாடகம் வேறுண்டோ?" என்று சீர்திருத்தத்தில் பற்றுள்ள நண்பர்களே நம்மிடம் கேட்கின்றனர். அவர்களுடைய அபிப்பிராயத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஏனென்பதைச் சொல்லுமுன், அச்சம் என்னும் பண்டம் திரையில் எவ்வாறு உற்பத்தி செய்யப்படுகின்றது என்பதைச் சற்று ஆராய்தல் வேண்டும்.

இத்தொழிலை நன்கறிந்தோர் இங்கிலாந்தின் பி.பி.சி.யார். 1953ஆம் ஆண்டில் நைஜல் நீல் என்பவர் எழுதிய "குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமெண்ட்" என்ற விஞ்ஞானக் கற்பனை நாடகத்தை ஆறு பகுதிகளாக அவர்கள் நேரலையில் நடத்தினர். விண்வெளி சென்று மீண்ட ஒருவன் மெல்ல மெல்லத் தாவரம் போன்றதொரு பூதமாக மாறி, முடிவில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் வந்து தங்குகின்றான். கண்டோர் நடுங்கிய அப்பூதம் யாது? ஆலயத்தின் பெரிதாக்கிய புகைப்படமொன்றில் துளையிட்டு, செடி கொடிகள் ஒட்டிய கையுறைகளை மாட்டிக்கொண்டு, ஆசிரியரே தம் கைகளை அதனூடே நீட்டி அசைத்தார், அவ்வளவே. கையுறையின் விலை சொற்பம். அச்சத்தின் விலையோ பெரிது. பத்து ஆண்டு கழித்து, 1963இல், "டாக்டர் ஹூ" நாடகத்தில் டேலெக் என்னும் இயந்திர ஜந்து முதன்முதல் தோன்றியபோது, அதன் உருவத்தைக் காட்டவேயில்லை. காமிரா அந்த ஜந்துவின் கண்ணாக நின்றது. சுவரோடு ஒட்டிக்கொண்டு அலறும் ஒரு பெண்ணின் முகமும், அவளை நோக்கி நீளும் ஓர் உலோகக் கரமுமே தெரிந்தன. அத்துடன் அன்றைய பகுதி முடிந்தது. ஒரு வாரம் முழுதும் அந்நாட்டுக் குழந்தைகள் அந்தக் கரத்துக்கு உடல் கற்பித்துக் கொண்டிருந்திருப்பர். அதே நாடகத்தில் டாக்டரின் கப்பல் புறப்படும்போது கேட்கும் முனகலொலி, பிரையன் ஹாட்ஜ்சன் என்பவர் வீட்டுச் சாவியொன்றைப் பழைய பியானோவின் தந்திகளின்மேல் உரசியெடுத்து, பின்னர் நாடாவில் திரித்தமைத்ததாகும்.

இவற்றால் நாம் அறிவது யாதெனில், அச்சத்தைத் தருவது காட்டப்படும் பொருளன்று. காட்டாது மறைக்கப்படும் பொருள். ஒலி முந்த வேண்டும், உருவம் பிந்த வேண்டும். அஞ்சுகிறவனுடைய முகத்தை முதலில் காட்டினால், அஞ்சத்தக்கது எதுவென்பதைப் பார்ப்பவன் தன் நெஞ்சிலிருந்தே எடுத்து நிரப்பிக்கொள்வான். காமிரா பேயின் கண்ணாகிவிட்டாலோ, பார்ப்பவனே பேயின் உடலுக்குள் புகுந்துவிடுகின்றான். இது நடுக்கத்தோடு ஒரு குற்றவுணர்வையும் சேர்த்துத் தரும் யுக்தி.

நாகா இவ்வித்தைகளை நன்கு கைவரப் பெற்றவர் என்பதில் ஐயமில்லை. "விடாது கருப்பு" நாடகத்தில் குதிரைக் குளம்பொலி கேட்ட மாத்திரத்தில் ஊரே கதவடைக்கின்றது. நாமும் உடன் அடைக்கின்றோம். ஊரார் வாய்ப்பேச்சே பாதி பயத்தை விளைத்துவிடுகின்றது. வெள்ளை மாவு பூசிய முகங்களையும் புகைமூட்டத்தையும் கொண்டு நம்மை மிரட்ட முயலும் இக்காலத்துப் பேய்ப்படங்களோடு ஒப்பிட்டால், இது பன்மடங்கு உயர்ந்த கைவேலை. ஒரு கிராமத்தின் வெயிலையும் கிழவிகளின் வாயையும் இவ்வளவு உண்மையாகத் தொலைக்காட்சியில் கண்டது அரிது. 2024இல் மறைந்த ஆசிரியருக்கும் இயக்குநருக்கும் இப்புகழைத் தர நாம் தயங்கவில்லை.

நிற்க. இங்கிலாந்துக் குழந்தைக்கும் நம் தோட்டத்துக் குழந்தைக்கும் ஒரு பெரிய பேதம் உண்டு. டேலெக்குக்கு லண்டன் தெருமுனையில் கோயிலில்லை. அதற்கு ஆடு வெட்டுவாருமில்லை. நாடகம் முடிந்ததும் அந்த ஜந்து பெட்டிக்குள்ளேயே அடங்கிவிடும். நம் நாட்டிலோ, கறுப்பருக்கும் முனியாண்டிக்கும் தோட்டந்தோறும் சூலமுண்டு, சுருட்டுண்டு, சாராயப் படையலுண்டு. ஆகவே இந்நாடகத்தார் அச்சத்தைப் புதிதாக உண்டாக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் மனத்தில் சேர்ந்து கிடக்கும் பழைய முதலை எடுத்து, காமிராவின் துணையால் வட்டிக்கு விட்டனர். 1957இல் பி. என். ராவ் சிங்கப்பூரில் "பொந்தியானாக்" என்னும் மலாய்ப் படத்தை எடுத்தபோதும் இதுவே நடந்தது. மலாய்க் கம்பங்களில் ஏற்கெனவே உலவிய பேய்க்கு இந்தியர் ஒருவர் திரையில் உருவம் கொடுத்தார், கூட்டம் அலைமோதியது.

"ஆயினும் இறுதியில் உண்மையை விளக்கிவிட்டார்களே" என்பது நண்பர்களின் வாதம். எவ்வாறு விளக்கினர் என்பதன்றோ கேள்வி? சாமியைப் பற்றிய அச்சம் பகுதி பகுதியாக, இரவு, குதிரை, குளம்பொலி, அலறல் என்று கண்ணுக்கும் காதுக்கும் ஊட்டப்பட்டது. அதை மறுக்க வந்த விஞ்ஞானமோ, பெரும்பாலும் வாய்ச்சொல்லாக வந்தது. ஒரு மனிதனுடைய மனம் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி செய்வதை மறுபாதி அறியாமல், அவனே கறுப்பனாகித் திரிந்தான் என்று கதாபாத்திரங்கள் எடுத்துரைக்கின்றனர். கண்ணால் கண்டதைக் காதால் கேட்டது வெல்லுமோ? நம்மவர் நாடகத்தைப் பார்த்தபின் நினைவில் வைத்திருப்பது குதிரையையா, மருத்துவ விளக்கத்தையா என்று எந்த லயத்திலும் போய்க் கேட்டுப் பாருங்கள். பூசாரியின் வேலையைக் காமிரா முழுநேரமும் செய்ய, பகுத்தறிவுக்குக் கடைசியில் சில நிமிடங்கள் மட்டும் ஒதுக்குவது எந்த ஊர் நியாயம்?

இதனினும் பெரிய குறையொன்றுண்டு. சாமியை விலக்கிவிட்டு அவ்விடத்தில் யாரை உட்கார வைத்தனர்? மனநோயாளியை! அச்சம் ஒழியவில்லை, ஆள் மாறிற்று. 2005ஆம் ஆண்டிலே வந்த "சந்திரமுகி"யும் "அந்நியன்"னும் இதே வழியில் நடந்தவை. ஒன்றில் பேயென்று மிரட்டிப் பின்னர் நோயென்றனர். மற்றொன்றில் பிளவுபட்ட மனத்தானைக் கொலைகாரனாக்கி, கைதட்டலும் வாங்கினர். மெய்யான மனநோயாளரில் மிகப்பெரும்பாலோர் எவரையும் தாக்குவதில்லை. பிறரால் துன்புறுத்தப்படுவதே அவர்கட்கு அதிகம். மனம் பிளவுபடுதல் என்று மருத்துவர் கூறும் நிலையோ, பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் பட்ட கொடுமையின் வடு. அப்படிப்பட்ட ஒருவருக்கு மூன்றாவது கதவாக இந்நாடகங்கள் திறந்து வைப்பது என்ன? முன்பு அவரைக் கண்டால் வேப்பிலை எடுத்தனர்; இப்பொழுது ஓடி ஒளிகின்றனர்.

நம் நாட்டில் "தஞ்சோங் ரம்புத்தான்" என்ற ஊர்ப்பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. அங்கே 1911 முதல் மனநல மருத்துவமனை இருந்துவரும் காரணத்தால், ஒருவரை "அங்கே அனுப்ப வேண்டியவன்" என்று எள்ளுவது பள்ளிப் பிள்ளைகளுக்கும் பழக்கம். நாம் பணிபுரியும் தோட்டத்தில் ஓர் இளைஞர், இரவில் குரல்கள் கேட்பதாகச் சொல்லத் தொடங்கி ஓராண்டு கழிந்தும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லப்படவில்லை. முதல் ஆறு மாதம் முனியாண்டி இறங்கியிருப்பதாக எண்ணித் தாயார் பூசை செய்தார். பின்னர், "சினிமாவில் வருகிற நோய்" என்று யாரோ சொல்லவே, அண்டை வீட்டார் தம் பிள்ளைகளை அவர் வாசல் வழியே அனுப்பாது நிறுத்தினர். பெரியார் 1929ஆம் ஆண்டு மலாயாவுக்கு வந்து மூடநம்பிக்கையைச் சாடிப் பேசிய காலத்தில், எதிரி பூசாரி ஒருவரே. இன்று பூசாரிக்கு ஒரு புதிய பங்காளி கிடைத்துவிட்டார். அவர் மருத்துவர் வேடத்திலும் வருகின்றார்.

குவாட்டர்மாஸ் நாடகத்தின் முடிவு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அங்கே விஞ்ஞானி பூதத்தைச் சுட்டுக் கொல்லவில்லை. அதனுள் அகப்பட்டுக் கிடக்கும் மூன்று மனிதரைப் பெயர் சொல்லி அழைத்து, அவர்களிடம் எஞ்சிய மனிதத்தன்மையை வேண்டுகின்றார். பயங்கரத்தின் நடுவே ஒரு நோயாளி இருக்கின்றான் என்பதை நாடகம் மறக்கவில்லை. அதன் முதலிரண்டு பகுதிகளே இன்று எஞ்சியுள்ளன என்பது வருந்தத்தக்கது.

சென்ற மாதம் எமது அலுவலகத் தாழ்வாரத்தில் தோட்டத்து வாலிபர் சிலரை அமர்த்தி, இந்நாடகத்தின் ஒரு பகுதியை ஒலியை அடைத்துவிட்டுக் காட்டினோம். "கிராணி ஐயா, இது வெறும் குதிரையல்லவா!" என்று ஒருவர் சொல்ல, அனைவரும் நகைத்தனர். பிறகு அதே காட்சியை ஒலியோடு காட்டினோம். ஒருவரும் நகைக்கவில்லை. கூட்டம் கலைந்தபோது மணி பத்தரை. செம்பனைக் காட்டின் நடுவேயுள்ள முனியாண்டி சூலத்தைக் கடந்து செல்லும் குறுக்கு வழியை விடுத்து, அவர்களெல்லாம் பெரிய சாலை வழியாகவே லயத்துக்குத் திரும்பினர். ஆங்கிலப் பள்ளியில் படித்து, இக்கட்டுரையின் பெரும்பகுதியை அன்று மாலையே எழுதி முடித்திருந்த நாமும் அவர்களுடனேயே சென்றோம்.