திருகாணியின் முறுக்கு

ஆட்டையாம்பட்டியில் கைமுறுக்கு சுற்றும் விரல்களைப் பார்த்திருக்கிறீர்களா? மாவு அறுந்துவிடாமல் நிதானமாக முறுக்கேறும். அந்த நிதானம் எனக்கு இன்னொரு கைவேலையை நினைவூட்டும்: கழுத்தெலும்பில் திருகாணி இறக்குவது.

தலையைத் தாங்கும் முதல் எலும்பு அட்லஸ், அடுத்தது ஆக்சிஸ். கழுத்து திரும்புவதில் ஏறக்குறைய பாதி இவ்விரண்டுக்கும் இடையில்தான் நடக்கிறது. இந்த மூட்டு நழுவினால் தண்டுவடம் நசுங்கக்கூடும். மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் அறுவை மருத்துவர் அதுல் கோயல், இரண்டு எலும்புகளிலும் தனித்தனியே திருகாணி இறக்கித் தகட்டால் பிணைக்கும் முறையை 1994இல் வெளியிட்டார். 2001இல் ஜெர்மனியின் அறுவை மருத்துவர் ஹார்ம்ஸ் தகட்டுக்குப் பதிலாகக் கம்பியைக் கொண்டுவந்தார்.

திருகாணியின் தடிமன் சுமார் 3.5 மி.மீ. ஒரு பக்கம் தண்டுவடம். மறுபக்கம் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி. நடுவே எலும்பின் குறுகிய வழி. அதில் தடம் பிசகாமல் இறங்கும் கை, வணங்கத்தக்க கை.