துடியனும் தண்ணடையும்: புறநானூற்றில் சமூக ஏற்றத்தாழ்வின் தோற்றம்

முன்னுரை

தொடக்ககால நாகரிகங்களின் எழுச்சியையும் சமூக ஏற்றத்தாழ்வின் தோற்றத்தையும் பிரித்து நோக்க இயலாது. உழவர் விளைத்த உபரி உழவில் ஈடுபடாத பிரிவினரைத் தாங்கியதையும், அதன் பெரும்பங்கு ஆளுவோர் கைக்குச் சென்றதையும் கார்டன் சைல்டு 1950இல் நகரப் புரட்சி குறித்த கட்டுரையில் விளக்கினார். தமிழியலில் கா. சிவத்தம்பி 1974இல் திணைக் கோட்பாட்டைச் சமனற்ற வளர்ச்சியின் வெளிப்பாடாகக் கண்டார். இவ்விளக்கங்களை, 'மருதத்து நெல் ஏற்றத்தாழ்வை விளைத்தது' என்னும் ஒற்றை வாய்பாடாகச் சுருக்குவது எளிது. புறநானூறு அதனினும் சிக்கலான சான்றுகளைத் தருகின்றது.

இரு பாடல்கள்

மாங்குடி கிழாரின் 335ஆம் பாடல் மூதின்முல்லைத் துறையைச் சார்ந்தது. தொடக்க அடிகள் சிதைந்துள்ள இப்பாடல் வரகு, தினை, கொள்ளு, அவரை ஆகியவற்றை உணவாகவும், துடியன், பாணன், பறையன், கடம்பன் என்போரைக் குடிகளாகவும் சுட்டுகிறது. இந்நால்வர் அல்லாத குடி அங்கு இல்லை. களிறு எறிந்து வீழ்ந்தோரின் நடுகல்லே வழிபடத்தக்க தெய்வம்.

சாத்தந்தையாரின் 287ஆம் பாடல் கரந்தைத் திணையில் அமைந்தது. இங்கும் துடி ஒலிக்கிறது. ஆனால் துடி கொட்டுவோன் 'புலையன்' என்றும், எறிகோல் கொள்வோன் 'இழிசினன்' என்றும் விளிக்கப்படுகின்றனர். அதே பாடலில், நெல் நிறைந்த மனைகளின் கூட்டருகே வாளைமீன் புரளும் மருதநிலமாகிய 'தண்ணடை' மறவர் பெறும் பரிசிலாகப் பேசப்படுகிறது. வீரமரணத்தின் பயன் அதனினும் மேலானது என்பதே பாடலின் கருத்து. எனினும் அவ்வொப்பீட்டுக்கு நிலக்கொடை அளவுகோலாகிறது என்பது கருதத்தக்கது.

புன்செய்ப் பயிர்கள் விளையும் சீறூரில் குடியாக எண்ணப்படும் துடியன், நெற்கூடும் நிலக்கொடையும் இடம்பெறும் பாடலில் இழிவுச் சொல்லின் அருகே நிற்கிறான். இவ்விரு பாடல்களையும் முற்காலம், பிற்காலம் என வரிசைப்படுத்தச் சான்றில்லை. ஒரே தொகுப்பில் இரு மதிப்பீடுகளும் அருகருகே நிற்பதே இங்கு முதன்மையானது.

உபரியும் கொடையுரிமையும்

நெல்லே இதற்குக் காரணம் எனக் கொள்வதற்குப் பறம்பு தடையாக உள்ளது. மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என உழவரால் உழப்படாத நான்கு பயன்களை உடையது பாரியின் மலை (புறம் 109). ஆயினும் அவன் நாட்டின் முந்நூறு ஊர்களும் பரிசிலரைச் சேர்ந்துவிட்டன (புறம் 110). இதனைக் கபிலர் வள்ளன்மையாகப் போற்றுகிறார். அவ்வூர்களில் வாழ்ந்தோரின் இசைவு பாடலில் இடம்பெறவில்லை. மலைநாடாயினும் மருதமாயினும், ஊரைப் பிறர்க்கு வழங்கும் உரிமை ஒருவனிடம் குவிந்திருந்தமையே பொதுக்கூறு. ஏற்றத்தாழ்வின் வித்து விளைச்சலின் அளவில் மட்டுமன்றி அவ்வுரிமையிலும் கிடக்கிறது.

இவ்வுரிமைக்கு எல்லை வகுக்கும் குரல்களும் புறநானூற்றில் உள்ளன. படையின் வெற்றி உழுபடையின் பயனே எனக் கிள்ளிவளவனுக்கு எடுத்துரைத்த வெள்ளைக்குடி நாகனார் பழஞ்செய்க்கடனிலிருந்து விடுபட்டார் என்று 35ஆம் பாடலின் கொளு கூறுகிறது. யானை தானே வயலுள் புகுந்தால் உண்பதினும் மிதித்து அழிப்பது மிகுதி என்னும் உவமையால் பிசிராந்தையார் அறிவுடைநம்பிக்கு இறைகொள்ளும் நெறியை உணர்த்தினார் (புறம் 184). இரண்டும் அறிவுரைகளே, வரி கொள்ளும் உரிமையை அவை மறுக்கவில்லை. மேலும், உழவனுக்காகப் பேசுவோர் புலவரே. உழவன் தன் குரலில் பேசவில்லை.

முடிவுரை

335ஆம் பாடலை மட்டும் கொண்டு சங்ககாலத்தைச் சமத்துவப் பொற்காலம் என்பதும், 287ஆம் பாடலை மட்டும் கொண்டு பிற்காலச் சாதியமைப்பு அன்றே முழுமையுற்றது என்பதும் ஒரு பக்கச் சான்றையே ஏற்பனவாகும். உருவாகிக்கொண்டிருந்த ஏற்றத்தாழ்வையே புறநானூறு காட்டுகிறது. கட்டில் பின்னும் தொழிலாளியைச் சாத்தந்தையார் 82ஆம் பாடலிலும் 'இழிசினன்' என்றே குறிக்கிறார். ஆனால் ஊரில் விழா, மனைவிக்குப் பேறுகாலம், பெய்யும் மழை, சாயும் பொழுது என அவனுடைய விரைவுக்கான காரணங்களை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறார். சொல் அவனைத் தாழ்த்துகிறது. உவமை அவனது வாழ்வை அறிந்திருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட முரணே ஆய்வாளர் தொடர்ந்து ஆராய வேண்டிய களமாகும்.