நீருக்கு முந்திய கிருபை

புனேயின் பாணேர் அடுக்ககங்களில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் கூடும் வீட்டு ஜெபங்களில் நாகர்கோவில் சி.எஸ்.ஐ.காரரும் தூத்துக்குடிக் கத்தோலிக்கரும் தரங்கம்பாடி லுத்தரரும் சென்னைப் பெந்தெகொஸ்தேகாரரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறார்கள். பாட்டில் பேதமில்லை. “நீங்க முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாச்சா?” என்று யாராவது கேட்டால்தான் பேச்சு தடைப்படும். அந்தக் கேள்விக்குப் பின்னால் பல நூற்றாண்டு வழக்கு இருக்கிறது.

கத்தோலிக்க மரபில் ஞானஸ்நானம் அருளைக் கொடுக்கும் அருளடையாளம். கொடுக்கும் குருவின் ஒழுக்கத்தால் அதன் பலன் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. வட ஆப்பிரிக்காவில், குருவின் தூய்மையைப் பொறுத்தே பலன் என்ற தொனாத்தியரோடு வாதாடி அகுஸ்தீன் நிலைநாட்டிய முடிவு அது. தண்ணீரோடு சேர்ந்த தேவ வார்த்தையே பலன் தருகிறது, விசுவாசம் அதைப் பற்றிக்கொள்கிறது என்றார் லுத்தர். ஆங்கிலிக்கன் வழிவந்த சபைகள் குழந்தைக்குக் கொடுத்து, வளர்ந்தபின் திடப்படுத்தலில் அதே விசுவாசத்தை அவர் வாயாலேயே அறிக்கையிட வைக்கின்றன. பாப்திஸ்துகளுக்கு விசுவாசம் முதலில், முழுக்கு பிறகு. 1800 டிசம்பர் 28 அன்று ஹூக்ளி ஆற்றில் பாப்திஸ்து மிஷனரி வில்லியம் கேரி கிருஷ்ணபாலுக்குக் கொடுத்த ஞானஸ்நானம் இந்த முறைதான். பெந்தெகொஸ்தே சபைகள் இதோடு ஆவியின் அபிஷேகத்தையும் வலியுறுத்துகின்றன.

முறையைப் பற்றிய சண்டை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. பழைய சடங்கில் குரு தன் எச்சிலை விரலில் தொட்டு, ஞானஸ்நானம் பெறுபவரின் காதிலும் மூக்கிலும் வைப்பார். செவிகேளாதவரை இயேசு குணமாக்கியதன் நினைவு அது. எச்சிலைத் தீட்டாக எண்ணும் தமிழருக்கு இது அருவருப்பாக இருந்ததால் மதுரை மிஷன் சேசுசபையார் அதை விட்டுவிட்டார்கள். ரோமிலிருந்து தூதராக வந்த துர்னோன் 1704இல் புதுச்சேரியில் பிறப்பித்த ஆணை, அதை விடக்கூடாது என்றது. இன்றைய கத்தோலிக்கச் சடங்கில் விரலால் தொடுவது மட்டும் இருக்கிறது, எச்சில் இல்லை. அருள் குறைந்துவிட்டதாக யாரும் சொல்வதில்லை.

அந்த மதுரை மிஷனைத் தொடங்கிய தெ நோபிலியின் பெயரில் புனேயில் சேசுசபையாரின் கல்லூரி ஒன்று இருக்கிறது. கண்டியிலிருந்து 1955இல் வந்த பாப்பரசர் குருமடமும், யவத்மாலிலிருந்து 1983இல் வந்த யூனியன் பிப்ளிகல் செமினரியும் இதே ஊரில்தான். ஆனால் ஞானஸ்நானத்துக்கும் கிருபைக்கும் உள்ள உறவைப் புனே வட்டாரத்தில் தம் வாழ்க்கையாலேயே விளக்கியவர் பண்டித ரமாபாய். 1883இல் இங்கிலாந்தின் வாண்டேஜில் ஆங்கிலிக்கன் முறையில் ஞானஸ்நானம் பெற்றார். அதன்பிறகும் கோட்பாடுகளைப் பற்றித் தம் ஆசிரியர்களோடு விடாமல் வாதிட்டார். கிறிஸ்தவ மதம் தமக்குக் கிடைத்திருந்தது, கிறிஸ்து கிடைக்கவில்லை என்பது சுமார் எட்டு ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது என்று 1907இல் வெளியிட்ட தம் சாட்சியில் எழுதினார். கேட்காவில் அவர் நிறுவிய முக்தி மிஷனில் 1905இல் எழுந்த எழுப்புதல் பெந்தெகொஸ்தே வரலாற்றிலும் இடம்பெற்றது. நீரும் அனுபவமும் ஒரே நாளில் வந்தே தீர வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் ரமாபாயைப் படிக்க வேண்டும்.

1970 நவம்பர் 29 அன்று நாக்பூரில் பிறந்த வட இந்தியத் திருச்சபை இந்த வழக்கில் துணிந்து ஒரு முடிவெடுத்தது. ஆங்கிலிக்கரும் பாப்திஸ்துகளும் சேர்ந்த அந்தச் சபையில் குழந்தை ஞானஸ்நானமும் விசுவாசி ஞானஸ்நானமும் இரண்டுமே ஏற்புடையவை. இதைச் சமரசம் என்று தள்ளிவிட முடியாது. மனிதன் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே ஏற்கப்படுகிறான் என்று 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கரும் லுத்தரரும் ஒன்றாகக் கையெழுத்திட்டார்கள். கிருபை முந்தியது என்றால், ஒருவர் எந்த முறையில் நனைந்தார் என்பது அவரை அளக்கும் கோலாக முடியாது.

என் கணிப்பில் உண்மையான அளவுகோல் வேறிடத்தில் இருக்கிறது. ஒரே தொட்டியில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் கல்லறையில் சாதி பார்த்துப் பிரிக்கப்பட்டால், அந்தச் சபை எந்த முறையைப் பின்பற்றினாலும் ஞானஸ்நானத்தை மறுக்கிறது. குடியரசுத் தலைவரின் 1950ஆம் ஆண்டு ஆணைப்படி, கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதிக்குரிய உரிமை இல்லை. இலவசமாய்ப் பெற்ற கிருபைக்கு அவர் இவ்வளவு விலை கொடுக்கும்போது, சபையும் அவரைத் தள்ளி உட்காரவைப்பது பாவம்.

பாணேருக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தால், தெளிப்பா முழுக்கா என்று விசாரிக்காமல் பக்கத்தில் இடம் கொடுங்கள். விசுவாசித்து முழுக விரும்புகிறவருக்குத் தடையும் சொல்லாதீர்கள்.