பெயருக்கு ஒரு விஸ்கி

குடியைப் பற்றி எழுதுவதென்றால் நம்மவர்கள் ஒன்று திட்டி எழுதுகிறார்கள், இல்லையென்றால் மயங்கி எழுதுகிறார்கள். அதன் ருசி என்ன என்று நிதானமாகச் சொன்னவர்கள் அபூர்வம். சங்க காலத்துப் புலவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட நேர்மையானவர்கள். நாள்பட்ட தேறலின் கடுப்பு எப்படி இருக்கும் என்று சொல்ல அவர்களிடம் சொல் இருந்தது.

சென்ற மாதம் ராயபுரத்தில் ஒரு சிநேகிதர் வீட்டுக்குப் போயிருந்தேன். முப்பது வருஷம் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1856இல் கட்டிய பழைய ரயில் நிலையத்துக்கும் காசிமேட்டுக்கும் நடுவே அவர் வீடு. மாடியில் நின்றால் துறைமுகத்துப் பளுதூக்கிகள் தெரியும். அமெரிக்க ரை விஸ்கியில் மூன்று புட்டிகளை எடுத்து வைத்து, "வாத்தியாரே, நீ கதைக்கு மார்க்குப் போடறவனாச்சே, இதுக்குப் போடு பார்ப்போம்" என்றார்.

ரை என்பதைச் சிலர் கம்பு என்று மொழிபெயர்க்கிறார்கள். அது தவறு. நம் கம்பு வெயிலில் விளைவது. ரை கோதுமைக்கு உறவான குளிர்தேசத்துத் தானியம். அமெரிக்கச் சட்டப்படி, வடிக்க ஊறப்போடும் தானியத்தில் குறைந்தது 51 சதவிகிதம் ரை இருந்தால்தான் ரை விஸ்கி என்று பெயர் வைக்கலாம். உள்ளே கரியாகும்படி சுட்ட புது ஓக் பீப்பாயில்தான் அதை ஊற வைக்க வேண்டும். அந்த நாட்டின் முதல் ஜனாதிபதி வாஷிங்டன் 1797இல் தம் பண்ணையில் வடிசாலை வைத்தபோது காய்ச்சியதும் பெரும்பாலும் ரைதான்.

ருசி பார்ப்பதற்கு ராயபுரம் நல்ல இடமல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடற்காற்றில் கருவாட்டு வாசனை. காற்று திரும்பினால் மணலிப் பக்கத்து எண்ணெய் நெடி. போதாததற்கு வெயில். சூட்டில் சாராயம் முந்திக்கொண்டு ஆவியாகி மூக்கைக் குத்துகிறது. ஆகையால் ஜன்னலைச் சாத்திவிட்டு, ஒவ்வொரு கிளாஸிலும் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டுக்கொண்டோம். தண்ணீர் விட்டால் குத்தல் அடங்கி வாசனை வெளியே வருகிறது.

முதலாவது ஓல்ட் ஓவர்ஹோல்ட். 1810இல் பென்சில்வேனியாவில் பிறந்த பெயர். 1920 முதல் 1933 வரை நடந்த மதுவிலக்கில் அந்தப் பிரதேசத்து ரைத் தொழில் நொடித்துப்போயிற்று. பிறகு இந்தப் பெயர் கென்டக்கிக்குக் குடிபோயிற்று. சாதுவான சரக்கு. நாக்கில் லேசான காரம், கொஞ்சம் தித்திப்பு, அவ்வளவுதான். நல்ல குடும்பத்துப் பிள்ளை, ஆனால் பேச்சு வராது.

இரண்டாவது புல்லெட் ரை. 95 சதவிகிதம் ரை, மீதி முளைகட்டிய பார்லி. இந்தியானாவில் லாரன்ஸ்பர்க் என்ற ஊரில் வடித்தது. மூக்குக்குக் கொண்டு போனதுமே பச்சிலை வாசனை, கிராம்பு, புதினா. முதல் வாய்க்கு அசந்துபோனேன். மூன்றாவது வாய்க்கு அலுத்துவிட்டது. சொன்னதையே சொல்லும் கெட்டிக்காரன் மாதிரி.

மூன்றாவது ரிட்டன்ஹவுஸ். இதில் ரை 51 சதவிகிதம்தான், சட்டம் கேட்கும் கடைசி அளவு. பாக்கி மக்காச்சோளமும் பார்லியும். ஆனால் 1897ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றின்படி ஒரே வடிசாலையில் ஒரே பருவத்தில் வடித்து, நாலு வருஷமாவது பீப்பாயில் வைத்து, சரியாக 50 சதவிகிதச் சாராயமாகப் புட்டியில் அடைத்தது. மிளகும் சுக்கும் முதலில் வந்தன. பின்னால் கருப்பட்டிப் பாகு போல ஒரு கனம் வந்து அவற்றைத் தாங்கிக்கொண்டது. என் மார்க்கு இதற்குத்தான். மிளகை அள்ளிப் போட்டால் ரசம் ரசமாகிவிடாது; புளியும் பருப்புத் தண்ணீரும் வேண்டும். கதைக்கும் இதே நியாயம்தான்.

ஆனால் என்னை உறுத்தியது மார்க்கு அல்ல. ஒரு பெயரை வைத்தால் அதற்குள் இன்னது இருக்க வேண்டும் என்று அங்கே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. பக்கத்துக் கனடாவிலேயே ரை என்ற பெயரில் ரை இல்லாமலும் விற்கலாம். நம் நாட்டுக் கதை இன்னும் விநோதம். மலிவு விஸ்கி என்று இங்கே விற்பதில் பெரும் பகுதி, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து எடுத்த சாராயம். அதற்கு வாசனையும் வர்ணமும் சேர்த்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று விற்க முடியாது. நமக்குக் கைவராத வித்தையா என்றால், அதுவும் இல்லை. பெங்களூர் அம்ருத்தில் ரையை முளைகட்டியே விஸ்கி வடித்துக் காட்டியிருக்கிறார்கள். அது எண்ணூரில் ஷிஃப்டு முடிந்து வருகிறவன் கைக்கு எட்டும் புட்டியல்ல.

இதையெல்லாம் நான் சற்று உரக்கவே சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. வறுத்த நெத்திலியைக் கொண்டுவந்து வைத்த சிநேகிதரின் அக்கா அங்கேயே நின்றுவிட்டார். குடியால் புருஷனை இழந்தவர்.

"ருசியா தம்பி? எங்க ஊட்டுக்காரரு ஒரு நாளாவது ருசி பார்த்துக் குடிச்சிருப்பாரா? மூக்கைப் புடிச்சிக்கினு ஒரே மடக்குல ஊத்திக்கினு, ஊறுகாயைத் தொட்டு நாக்குல வச்சிக்குவாரு."

"அதைத்தான் அக்கா சொல்கிறேன். ருசி பார்க்க முடியாதபடி செய்த சரக்குதான் ஆளைக் கொல்லுகிறது."

"ருசியா இருந்திருந்தா இன்னும் ஒரு கிளாஸ் குடிச்சிருப்பாரு" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. நல்ல சரக்கு வந்தால் குடி திருந்திவிடும் என்று வாதாட நான் தயாரில்லை. 1948இல் ராஜதானி முழுவதும் மதுவை மூடினார்கள்; 1971இல் திறந்தார்கள், 1974இல் மூடினார்கள், 1981இல் மறுபடி திறந்தார்கள். மூடியபோதும் திறந்தபோதும், குடிக்கிறவன் வாயில் போவது என்ன என்ற கேள்வியை யாரும் பெரிதாகக் கேட்டதாகத் தெரியவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறவனுக்கு அதைக் கேட்கவும் வழியில்லை. என் புகார் அவ்வளவுதான்.

அக்கா காலி கிளாஸ்களை எடுத்துக்கொண்டு போகையில் ஒன்றை மட்டும் மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். ரிட்டன்ஹவுஸ் இருந்த கிளாஸ். "ஓமத் தண்ணி வாசனை" என்றார்.

நான் மறுபடி வாங்கி முகர்ந்து பார்த்தேன். ஓமம்தான். மிளகு, சுக்கு என்று நான் எழுதி வைத்திருந்த குறிப்பில் அது இல்லை.