எண்ணெய் மாறியது, சைலீன் மாறவில்லை

நம் ஊர்ப் பரிசோதனை நிலையங்கள் பலவற்றில் நுண்ணோக்கி மேசைமேல் இரண்டு சிறு புட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றில் எண்ணெய், மற்றதில் சைலீன். ஸ்லைடில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு 100எக்ஸ் லென்ஸை அதில் தோய்த்துப் பார்ப்பது, பார்த்து முடித்ததும் சைலீன் தொட்டு லென்ஸைத் துடைப்பது. இரண்டும் ஒரே பாடமாகக் கற்றுத்தரப்படுகின்றன. முதல் பாதியோடு எனக்குச் சண்டை இல்லை. இரண்டாவது பாதியைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

எண்ணெயின் நியாயம் ஒளியியலில் இருக்கிறது. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.52, காற்றினுடையது 1. கண்ணாடியிலிருந்து காற்றுக்கு வரும் சாய்ந்த கதிர்கள் இன்னும் சாய்ந்து லென்ஸுக்கு அகப்படாமல் போகும். ஏறத்தாழ 41 பாகைக்கு மேல் சாய்ந்தவை கண்ணாடியை விட்டு வெளியே வருவதே இல்லை. இடையே 1.515 எண்ணுள்ள எண்ணெய் நிரம்பினால் அந்தக் கதிர்களும் லென்ஸுக்குள் வந்து சேரும். ஒளி திரட்டும் திறன் 0.65 என்று பொறித்த உலர் 40எக்ஸ் லென்ஸ் பச்சை ஒளியில் பிரித்துக்காட்டும் மிகச் சிறிய இடைவெளி 0.42 மைக்ரோமீட்டர், 1.25 என்று பொறித்த 100எக்ஸுக்கு அது 0.22. காசநோய்க் கிருமியின் தடிமனே அரை மைக்ரோமீட்டருக்குள்தான் என்பதால் இந்த வித்தியாசம் பெரிது. (0.22 என்பது காகிதக் கணக்கு. ஸ்லைடுக்கு அடியில் கண்டென்சருக்கும் எண்ணெய் விட்டால்தான் அது முழுதாகக் கிடைக்கும். அன்றாட வேலையில் யாரும் விடுவதில்லை, 0.26 அளவில் நின்றுவிடும். நோய் கண்டறிய அது போதும்.)

ஸ்டீபன்சன் என்பவர் சொன்ன யோசனையைப் பிடித்துக்கொண்டு எர்ன்ஸ்ட் அப்பே 1878-இல் ஸைஸ் நிறுவனத்தில் எண்ணெயில் தோய்க்கும் இவ்வகை லென்ஸை உருவாக்கினார். அதற்கு ஏற்றதாக அமைந்தது சிடார் மர எண்ணெய். அதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு: நாளாவட்டத்தில் காய்ந்து பிசினாக இறுகிவிடும். இறுகிய பிசினைக் காகிதத்தால் எடுக்க முடியாது. சைலீன் சட்டென்று கரைக்கும், ஆவியான பின் கறையும் விடாது. அன்று அந்த விதி சரியான விதிதான்.

இன்று விற்கும் செயற்கை எண்ணெய்கள் காய்வதில்லை. செலவு பார்க்கும் இடங்களில் புழங்கும் லிக்விட் பாரஃபினும் காய்வதில்லை. அதன் ஒளிவிலகல் எண் 1.48 அளவில் நிற்பதால் பிம்பக் கூர்மை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். காய்ந்த பிசினே இல்லாத லென்ஸுக்கு தினமும் பிசின் கரைப்பான் எதற்கு?

கேடும் இருக்கிறது. 100எக்ஸின் முனையில் இருப்பது கடுகளவு லென்ஸ். அதைப் பிடித்திருப்பது ஒருவகைப் பசை. சில பசைகளைச் சைலீன் இளக்கும். வழியும் அளவுக்கு ஊற்றித் துடைத்தால் நாளடைவில் எண்ணெய் உள்ளே கசியும், பிம்பம் பால் படர்ந்ததுபோல் மங்கும். பிறகு பெரும்பாலும் புது லென்ஸ்தான். இதனால்தான் தயாரிப்பாளர்கள் தூய ஆல்கஹால், பெட்ரோலியம் ஈதர், ஹெக்சேன் கலவை என்று வேறு வழி சொல்கிறார்கள். இதற்கு எதிர்வாதமும் உண்டு, அது பொய்யல்ல: சைலீன் லேபில் ஏற்கெனவே இருக்கிறது, ஆல்கஹாலைவிட நன்றாக எண்ணெயைக் கரைக்கிறது, லேசாகத் தொட்டு உடனே ஒற்றிவிடும் கைகளில் லென்ஸ்கள் பல்லாண்டு உழைத்திருக்கின்றன. ஆனால் எல்லோருக்கும் பொதுவாக வைக்கும் விதி, நிதானமான கையை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. மூக்குக்கு நேர் கீழே சைலீன் ஆவியை நாள் முழுதும் சுவாசிப்பதும் நல்லதல்ல.

லென்ஸ் பேப்பரை முனையில் வைத்து, தேய்க்காமல், எண்ணெயை ஒற்றி எடுத்தாலே பெரும்பாலான நாட்களுக்குப் போதும். பிசுபிசுப்பு மிஞ்சினால் மட்டும் கரைப்பான் நனைத்த இன்னொரு தாள். பஞ்சுத் துணியாலும் கோட்டு நுனியாலும் அழுத்தித் தேய்ப்பது சைலீனுக்குச் சற்றும் குறையாத கெடுதல்.

ஸ்லைடுக்கு ஸ்லைடு துடைப்பதா? சளிப் பரிசோதனையில் இதற்குக் காரணம் உண்டு. ஒரு ஸ்லைடின் கிருமி எண்ணெயில் மிதந்து அடுத்த ஸ்லைடுக்குப் போனால் நோயில்லாதவருக்கு நோய் எழுதப்படும். அங்கேயும் ஒற்றி எடுப்பதே போதும். அதைவிட ஆபத்தானது, சொட்டுக்குழாயின் நுனி ஸ்லைடைத் தொடுவது: புட்டி முழுதும் கெடும்.

இத்தனை கவனமும் 100எக்ஸ்மேல் குவிந்திருக்க, உண்மையில் அழுக்காவது பக்கத்திலிருக்கும் 40எக்ஸ். எண்ணெய் விட்ட பின் ‘இன்னொரு முறை பார்க்கலாம்’ என்று திருப்பினால், ஸ்லைடுக்கு அரை மில்லிமீட்டர் சொச்சம் மேலே நிற்கும் அந்த உலர் லென்ஸ் நேராக எண்ணெயில் இறங்கும். அதன்பின் எல்லாம் மங்கல். லென்ஸ் போய்விட்டது என்று புகார் எழுதுவார்கள். கண்ணருகு லென்ஸைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து உருப்பெருக்கியாக்கி 40எக்ஸின் முனையைப் பார்த்திருந்தால் எண்ணெய்ப் படலம் தெரிந்திருக்கும்.

சைலீனை லேபைவிட்டே விரட்டச் சொல்லவில்லை. ஜீம்சா சாயமிட்ட ரத்த ஸ்லைடைப் பாதுகாத்து வைக்க வேண்டுமானால் மேலுள்ள எண்ணெயைப் போக்க ஆல்கஹால் உதவாது, சாயத்தையும் சேர்த்து இழுத்துவிடும். அங்கே சைலீன்தான் சரி. புட்டி சாயமிடும் மேசையில், காற்றோட்டமான பக்கம் இருக்கட்டும். நுண்ணோக்கி அருகில் லென்ஸ் பேப்பர் கட்டு ஒன்று தீராமல் இருந்தால் போதும். பல இடங்களில் வாங்க மறந்துபோவது அதைத்தான்.